நான், நாங்கள், ஆம்: கொழும்புத் தமிழரின் தன்கதைகள்

தன்கதை என்பது ஒருவர் தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்வது. நடந்த இடத்திலேயே நின்று சொல்கிறாரா, இருபது ஆண்டு கழித்து வேறொரு நாட்டிலிருந்து சொல்கிறாரா, கண்ணால் கண்டதைச் சொல்கிறாரா, அயல்வீட்டார் வந்து சொன்னதைச் சொல்கிறாரா என்பவை எல்லாம் சேர்ந்ததே கதைசொல்லியின் நோக்குநிலை. பாடப்புத்தகங்கள் இதைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்றாகப் பிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். கொழும்புத் தமிழர் பேசியதையும் எழுதியதையும் எடுத்து வைத்தால் அந்த மூன்று பெட்டிகள் போதவே போதா.

மொழியிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'போனேன்' என்றாலே போதும். 'நான்' வாயில் வரவேண்டியதில்லை. பன்மையில்தான் சிக்கல். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விட்டுவிட்டால் 'நாங்கள்' என்பது இலக்கணம். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் தரிப்பிடம் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த இலக்கணம் ஊருக்கு ஊர் பிரிவது காதில் விழும். யாழ்ப்பாணத்தார் இரண்டுக்கும் 'எங்கட' என்பார்கள். மட்டக்களப்பார் 'நம்மட' என்பார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், மலையகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பேச்சில் 'நம்ம' புழங்கும். 'எங்கட ஆக்கள்' என்று ஒருவர் கதையை எடுக்கும்போது, கேட்பவர் அதற்குள் அடக்கமா வெளியே நிற்கிறாரா என்பதைச் சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைவிடக் கூர்மையானது 'ஆம்' என்ற சின்ன ஒட்டு. 'கடையை எரிச்சுப்போட்டாங்கள்' என்றால் சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். 'எரிச்சுப்போட்டாங்களாம்' என்றால் கதை வேறு யாருடையதோ, பொறுப்பும் அவர் தலையில். சிங்களத்தில் இதே வேலையை 'லு' செய்கிறது. இந்த ஒட்டுகள் உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஜூலைக் கலவரம் காட்டியது. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை 25ஆம் திகதி வெள்ளவத்தை உட்பட நகரெங்கும் பரவியது. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. சற்று அடங்கியிருந்த கொலைகள் மறுபடி தொடங்கின. 'ஆம்', 'லு' இரண்டும் அன்று வழியிலேயே உதிர்ந்துபோய், கேள்விப்பட்டது கண்டதாக மாறிவிட்டது.

அந்த வாரத்தைப் பிற்பாடு நாவலாக்கியவர்கள் நோக்குநிலையோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார்கள். 1965இல் கொழும்பில் பிறந்து கனடாவுக்குப் பெயர்ந்த ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி போய்' 1994இல் வெளிவந்தது. ஆறு கதைகள் சேர்ந்த நாவல் அது. ஆர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ப் பையனே கதைசொல்லி. வளர்ந்தபின் திரும்பிப் பார்க்கும் ஒருவனின் நிதானம் அவன் குரலில் இருக்கிறது. அன்று தனக்கு விளங்காதது இன்று விளங்குகிறது என்ற தொனி. கலவரத்தைச் சொல்லும் கடைசிப் பகுதி வந்ததும் அந்தக் குரல் நின்றுவிடுகிறது. நாளும் நேரமும் குறித்த நாட்குறிப்பாகக் கதை உடைகிறது. நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அடுத்த மணித்தியாலம் என்ன ஆகும் என்று தெரியாது. பின்னாலிருந்து பார்க்கும் வசதியைப் பிடுங்கி எறிந்ததுதான் அந்த நாவலின் மிகச் சிறந்த தொழில்நுட்ப முடிவு.

அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன் எதிர்த்திசையில் போனார். 2023இல் வெளிவந்து 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்ற 'பிரதர்லெஸ் நைட்' நாவலில் சசி என்ற மருத்துவ மாணவி, பல ஆண்டுகளுக்குப் பிறகு நியூயோர்க்கிலிருந்து கதையைத் திரும்பச் சொல்கிறாள். ஜூலை 83இல் அவள் நின்றது கொழும்பில், அம்மம்மா வீட்டில். தன் கதைக்கு நடுவே அவள் அடிக்கடி வாசகரை நேரே விளிக்கிறாள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் போதும். தமிழுக்குக் கொண்டுவருபவர் முதல் பக்கத்திலேயே 'நீ'யா 'நீங்களா' என்று முடிவெடுத்தாக வேண்டும். 'நீ' என்றால் தோளில் கை போட்டுச் சொல்கிறாள். 'நீங்கள்' என்றால் விசாரணைக் கூண்டில் நின்று சொல்கிறாள். முன்னிலையின் வலுவை ஈழத்துத் தமிழ்க் கவிதை ஏற்கெனவே அறிந்திருந்தது. அ. யேசுராசாவின் 'உன்னுடையவும் கதி' அதற்கு எடுத்துக்காட்டு; தலைப்பே வாசகரைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும்.

இன்னொரு வகைத் தன்கதையும் கொழும்பில் உண்டு. அதைச் சொல்லச் சொன்னவர்கள் வாசகர்களோ பதிப்பாளர்களோ அல்லர். யார், எந்த ஊர், எதற்கு வந்தீர், எத்தனை நாள் தங்குவீர் என்று பொலிஸ் பதிவுக்கும் சோதனைச் சாவடிக்கும் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் போர்க்காலம் முழுக்கத் தங்கள் வரலாற்றை நாலு வரியில் ஒப்பித்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்தவர்கள் தங்கிய லொட்ஜுகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் நிறைந்திருந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை அவற்றிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தவர்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதையை நம்புவதா என்று தீர்மானிக்கும் உரிமை கேட்பவர் கையில் இருந்தது; பஸ்ஸில் ஏறுவதும் ஏறாததும் அதைப் பொறுத்திருந்தது.

இந்த வகையின் எழுத்துருவம் சத்தியக் கடதாசி. பெயர், முகவரி, சமயம் சொல்லிச் சத்தியம் செய்து, பத்திக்குப் பத்தி இலக்கமிட்டு, 'நான்' என்றே போகும் எழுத்து அது. தயக்கத்துக்கும் கண்ணீருக்கும் அதில் இடமில்லை. 'ஆம்' போட்டால் சான்றாகாது. அகதி விண்ணப்பமும் ஏறக்குறைய இதே அச்சு. ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவலை அப்படியொரு அகதி முறையீட்டோடுதான் தொடங்குகிறார். முறையிடுபவர் பெயர் அந்தோனிதாசன்; ஆசிரியரின் இயற்பெயரிலும் அது உண்டு. அடுத்துக் கதை ரொக்கிராஜ் என்ற பையனைப் படர்க்கையில் பின்தொடர்கிறது. அலுவலகம் கேட்ட 'நான்' ஒன்று, நாவல் சொல்லும் 'அவன்' இன்னொன்று. எது உண்மை என்று வாசகர் அதிகாரியைப்போலக் குடைய ஆரம்பிப்பதும், ஆரம்பித்தபின் கூச்சப்படுவதும் ஆசிரியர் வேண்டுமென்றே செய்த வேலை.

பெயரில்லாமல் தன் கதை சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்றுதான் குரல்கள் வரும். காதலரின் பெயரைச் சுட்டுவதைத் தொல்காப்பியமே விலக்குகிறது. அங்கே அது மரபு. இங்கே பயம். 1985இல் வந்த 'புதியதோர் உலகம்' நாவலை ஆயுத இயக்கம் ஒன்றுக்குள்ளிருந்து கண்டு எழுதியவர் 'கோவிந்தன்' என்ற புனைபெயருக்குள் மறைந்துகொண்டார். சொந்தப் பெயரில் எழுதினாலும் தொல்லை தீராது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் துறைக்குப் பொறுப்பாயிருந்த தமிழினி 2015இல் காலமானார். மறு ஆண்டு 'ஒரு கூர்வாளின் நிழலில்' வெளிவந்ததும், அதில் எது அவர் எழுத்து என்ற சர்ச்சை எழுந்தது. சொல்பவர் உயிரோடு இல்லாதபோது 'நான்' என்ற சொல்லுக்கு யார் உத்தரவாதம் என்ற கேள்வி அந்த நூலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கொழும்பில் எழுதப்பட்ட தன்கதைகள் எல்லாம் கொழும்பைப் பற்றியவையும் அல்ல. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இதழ் 1990களில் போரோடு இடம்பெயர்ந்து கொழும்பு 13இன் ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தது. இதழைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்றவர் அவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் சலூன் நடத்திய தொழிலாளியாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற அவரது சுயசரிதை 1999இல் கொழும்பிலிருந்து வெளிவந்தது. அதில் சலூன் நாற்காலியும் சாதி அவமானங்களும் தோழர்களும் வருகிறார்கள். கொச்சிக்கடைச் சந்தடிக்கு நடுவே உட்கார்ந்து, திரும்பிப் போக முடியாதிருந்த ஓர் ஊரின் கடை வாசலில் நின்று சொல்கிற குரல் அது. எழுத்தாளர் எஸ்.பொ. இன்னும் தள்ளிப் போய், அவுஸ்திரேலியாவில் குடியேறியபின் 'நனவிடை தோய்தல்' எழுதினார். 2003இல் 'வரலாற்றில் வாழ்தல்' என்று இரண்டு பருத்த தொகுதிகளும் போட்டார். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லீவில் யாழ்ப்பாணம் போகும் ஒரு கிளார்க்கின் கதையான 'சடங்கு' நாவலை மட்டும் அவர் படர்க்கையில் வைத்திருந்தார்.

ஜீவாவுக்கு அந்த ஒதுங்கல் வராது. மல்லிகையில் 'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதியை அவரே நடத்தினார். வாசகர் உலக இலக்கியம் பற்றிக் கேட்டாலும் அரசியல் பற்றிக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் அவருடைய அனுபவம் ஒன்றில் போய் முட்டும். இதழ் 2012 வரை வந்தது. அவர் 2021 ஜனவரியில் கொழும்பில் காலமானார்.