குடமும் புற்றும்

குடத்தைக் கண்டோர் குயவன் ஒருவன் உண்டெனத் துணிவர். அவ்வாறே உலகத்தைக் கண்டு, அதனை ஆக்கியவன் ஒருவன் உண்டெனத் துணியலாமோ? நம் பிள்ளைகள் உணவு வேளையில் கேட்டுவிடும் இவ்வினாவைப் பற்றிப் பாரத நாட்டு அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர்.

துணியலாம் என்றனர் நியாய நூலார். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தப் பேராசிரியர் தருமகீர்த்தி இதனை மறுத்தார். புற்றும் மண்ணால் ஆயது, அதற்கும் வடிவுண்டு. அதுகண்டு குயவனை ஊகிப்பார் உண்டோ என்பது அவர் வினா. மீமாம்சகரான குமாரிலரோ வேதத்தைத் தலைமேற் கொண்டவர். எனினும், உடலில்லாத ஒருவன் படைக்க விரும்புவது எங்ஙனம் என்று அவரும் கேட்டார். வேதநெறியினர் யாவரும் படைப்புக் கடவுளை ஒப்பியவர் என நம்மவர் பலர் எண்ணியிருப்பது பிழையே.

தமிழில் இத்தகைய வாதங்களை மணிமேகலையின் 27ஆம் காதையிலேயே காண்கிறோம். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய இடத்துக் களிப்புத் தோன்றுமாறு போல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும் என்கிறான் பூதவாதி. கண்ணாற் காண்பதே அவனுக்கு அளவை. அங்ஙனமாயின் நின் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்குமிடம் சுவை மிக்கது. அவளும் பௌத்த நெறியினளே என்பதை மறத்தலாகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் முதலாவதையே இவ்வழக்கிற்கு ஒதுக்கினார். தோன்றி நின்று ஒடுங்குவது உலகு. ஆதலின் ஒடுக்குவோன் எவனோ, அவனே மீளத் தோற்றுவிப்போன் என்பது அவர் முடிபு. இறைவன் வெறும்பாழிலிருந்து உலகைப் படைத்தான் என்று சித்தாந்தம் கூறவில்லை. மாயை மண், சத்தி தண்டசக்கரம், இறைவன் குயவன். குயவன் மண்ணைப் படைப்பதில்லை அன்றோ?

அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் முற்பகுதியான பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினான்கு கொள்கையினரை எடுத்துக்கொண்டார். முதலில் அவரவர் கூற்று, பின்னரே மறுப்பு. அலுவலகக் கோப்புகளில் குறிப்பெழுதியே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். தள்ளப்பட வேண்டிய கோரிக்கையை அதன் வலிமை குன்றாமல் எழுதுவது எத்துணை அரிது என்பதை அறிவேன். குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் வாதங்களை அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் வாயிலாகவே பெரிதும் அறிகிறோம். எதிரியின் கூற்றை எழுதிவைப்பதில் இத்துணைப் பொறுப்பு இருக்கிறது.

இறைவனை ஆக்கியவர் யார் என்று பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகன் அண்மையில் கேட்டான். அப்படிக் கேட்கலாகாது என்றார் என் அன்னையார். தோன்றி ஒடுங்குவதற்கே காரணன் வேண்டும், தோற்றமில்லாதவனுக்கு வேண்டா என்று சித்தாந்த விடையைக் கூறினேன். "மாயைக்கும் தோற்றமில்லை என்றீர்களே, அப்பா! அது ஒன்றே போதாதோ?" என்றான். நிரீச்சுர சாங்கியரின் வினா அது! அறிவற்ற மாயை தானே இயங்காது என்பதே சைவர் விடை. ஆயினும் அவ்விடையை முந்திக்கொண்டு கூற எனக்கு மனம் வரவில்லை. உரையோடு கூடிய பரபக்கத்தை எடுத்து அப்பகுதியைக் காட்டினேன். இந்தியில் பயிலும் பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படித்து வருகிறான். சாங்கியர் கூற்று முடிந்தது. மறுப்பை இன்னும் தொடங்கவில்லை.