மகிழ்வாசிப்பும் இரண்டாம் மொழி எழுத்தும்

மகிழ்வாசிப்பு என்பது மதிப்பெண்ணுக்காக அல்லாமல், பிடித்த நூலைப் பிடித்த வேகத்தில் படிப்பது; பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைக்கும் உரிமையும் அதில் அடக்கம். அது மாணவரின் இரண்டாம் மொழி எழுத்தை வளர்க்கிறது. ஆனால் அந்தப் பலன் மெதுவாக வரும், பள்ளித் தேர்வு தேடாத இடத்தில் தென்படும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழே புழங்குவதால், பெரும்பாலான மாணவருக்கு ஆங்கிலம் பாடப்புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வருபவர் ஆங்கிலத்தில் விடை எழுத உட்காரும்போதுதான் அந்தப் பற்றாக்குறை உறைக்கிறது.

வாசிப்பு எழுத்துக்கு என்ன தருகிறது என்பதை ஒரு சின்னச் சொல்லில் பார்க்கலாம். ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ ஆகிய சுட்டிடைச்சொற்கள் தமிழ் மாணவரை ஓயாமல் இடறவைப்பவை. விதியை மனப்பாடம் செய்தவரும் கட்டுரையில் தவறவிடுகிறார். கதை படிப்பவருக்கோ ராஜா முதலில் ‘எ கிங்’ என்று வருகிறார், அடுத்த வரியிலேயே ‘தி கிங்’ ஆகிவிடுகிறார். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு’ என்று பாட்டி கதையில் கேட்ட அதே ஒழுங்குதான். நூறு கதைகளில் இதைக் கடந்தவர் விதியைத் தேடாமலே எழுதுவார்.

நன்றாக எழுதுபவரே நிறையப் படிக்கிறார், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறோம் என்று மறுப்பதுண்டு. பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் எல்லியும் மங்குபாயும் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்கே ஆர்வமுள்ளவரைப் பொறுக்கவில்லை. வகுப்புகளுக்கே ஆங்கிலக் கதைநூல்களைக் கொடுத்து, நூல் கொடுக்காத வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். 8 மாதத்தில் வாசிப்பிலும் கேட்டுப் புரிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. அது எழுத்துக்கும் பரவியது 20 மாதத்துக்குப் பிறகே. ஓர் ஆண்டுத் தேர்வை வைத்து வாசிப்பை எடைபோடுவது, பண்ருட்டியில் பலாக்கன்று நட்ட வருஷமே பழம் கேட்பது போன்றது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளி மாணவரிடம் ஹபீஸும் டியூடரும் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றே மாதத்தில் எழுத்து மேம்பட்டது உண்மைதான். ஆனால் அவர்களைச் சுற்றிலும் ஆங்கிலம் புழங்கியது.

தேர்வின் பார்வை எவ்வளவு குறுகலானது என்பதற்குக் கடலூரே சாட்சி. என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பள்ளிகளில் நடத்திய, ஆங்கிலம் கற்பிக்கும் பெங்களூர்த் திட்டத்தில் சென்னையோடு கடலூரும் இடம்பெற்றது. அது மகிழ்வாசிப்புத் திட்டம் அல்ல. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடவைக்கும் முறை. ஆனால் கவனம் பொருளில் இருக்கும்போதே மொழி படிகிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்று. பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாக்கிய அமைப்பைச் சோதித்த தாள் பொதுவாக வழக்கமான வகுப்புகளுக்கே சாதகமாக இருந்தது. மொழியைப் பயன்படுத்தச் சொன்ன தாள்களில் திட்ட வகுப்புகள் முந்தின. எந்தத் தாளைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ற விடைதான் கிடைக்கும்.

படித்தால் மட்டும் எழுத்து வந்துவிடாது என்பது நியாயமான மறுப்பு. விண்ணப்பக் கடிதத்தின் அமைப்பையும் பத்தி பிரிப்பதையும் எழுதித் திருத்தியே கற்க வேண்டும். ஆனால் திருத்துவதற்கு முதலில் தாளில் நாலு வரி இருக்க வேண்டும். அந்த வரிகளை வாசிப்புதான் தருகிறது. எனவே வகுப்பில் அரைமணி நேரம் எளிய கதைநூலுக்கு ஒதுக்கி, அதன் பலனை இரண்டாம் ஆண்டு முடிவில் மாணவர் தாமே எழுதிய பக்கங்களைக் கொண்டு பார்ப்பதே பொருத்தமான அளவீடு.