ரப்பர்த் தகட்டின் உள்ளுறை ஆற்றல்

பள்ளி மாணவன் தன் எழுத்துப் பிழையை அழிக்கக் கையில் எடுக்கும் சிறு பொருளுக்கு ரப்பர் என்னும் பெயர் வழங்குகிறது. பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கும் அதன் பண்பினை 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிவியலறிஞர் குறித்து வைத்தார். தேய்த்தல் என்னும் அச்செயலே பொருளுக்கும் பெயராயிற்று. கடையில் அதன் விலை சில காசுகளே. அதனை ஆக்குவதற்கு எவ்வளவு விறகு எரிந்தது, எத்தனை கல் தொலைவு புகைவண்டி ஓடியது, எவர் உடல்வலிமை கரைந்தது என்பனவற்றை விலைச்சீட்டு கூறுவதில்லை.

ஒரு பொருளை ஆக்குவதற்கும், வாங்குவோர் கையில் அதனைச் சேர்ப்பதற்கும் செலவாகிக் கண்ணுக்குப் புலப்படாது நிற்கும் ஆற்றலை உள்ளுறை ஆற்றல் எனலாம். உள்ளுறை என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தில் வெளிப்படச் சொல்லிய பொருளுக்குள் சொல்லாத பொருள் உறைந்து நிற்பதைப் போன்றதே இதுவும். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேலைநாட்டார் இக்கணக்கில் முனைந்து ஈடுபட்டனர்; 1974இல் சுவீடனில் கூடிய அறிஞர்கள் அதற்குரிய நெறிகளை வகுத்தனர். கணக்குப் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே, அவ்வாற்றல் பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் நாள்தோறும் செலவாகிக் கொண்டிருந்தது.

பேராக்கின் தென்பகுதியில், பீடோருக்கும் துரோலாக்கிற்கும் இடையே அமைந்த சிற்றூர் சுங்காய். மேற்குக்கரை இருப்புப்பாதை 1903இல் பிறையையும் சிரம்பானையும் இணைத்தது. பிரேசில் நாட்டுப் பால்மரக் கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூருக்கு வந்து, அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பெற்றிருந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் வெட்டுமுறையை ரிட்லி கண்டறிந்து பரப்பியதும், மோட்டார் வண்டிகளுக்கு உருளைப்பட்டை தேவைப்பட்டதும் சேர்ந்து, இருப்புப்பாதையின் இருமருங்கிலும் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. வெட்டிச் சாய்த்த காட்டுமரங்கள் பெரும்பாலும் அங்கேயே எரியூட்டப்பட்டன. ரப்பரின் ஆற்றல் செலவு அங்கிருந்தே தொடங்குகிறது. ஆயினும் அந்நெருப்பை எந்தக் கிராணியும் தம் பேரேட்டில் எழுதியதில்லை.

பால்மரத்தின் பால் மரத்திலிருந்து வடியும்போது அதில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்நீரை வெளியேற்றுவதே தோட்டத் தொழிலின் பெரும்பாடு. விடியுமுன் பெரட்டு, பின்னர் நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டுதல், வெயிலேறுமுன் பாலைத் திரட்டி, நிறைந்த வாளிகளைச் சுமந்து பால் நிறுக்கும் இடம் சேர்த்தல். அங்கே பாலில் நீர் கலந்து, வடிகட்டி, சிறிது அமிலம் ஊற்றி உறைய வைப்பர். உறைந்ததை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர். பல தோட்டங்களில் அவ்வுருளைகளைச் சுழற்றியதும் மனிதக் கைகளே. பின்னர் ஈரம் சொட்டும் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்தில் ஏற்றுவர்.

புகைக்கூடத்து நெருப்பு நான்கைந்து நாள்கள் அணையக்கூடாது. வெப்பம் நாற்பது பாகைக்குக் குறைந்தால் தகடு காயாது. அறுபதைத் தாண்டினால் குமிழ் எழும்பித் தரம் கெடும். எனவே இரவிலும் ஒருவர் கண்விழித்து விறகு தள்ள வேண்டும். அவ்விறகும் பெரும்பாலும் வயது முதிர்ந்த பால்மரமே. ஒரு கிலோ உலர்ந்த தகட்டிற்கு ஏறத்தாழ ஒரு கிலோ விறகு எரிந்தது. தகட்டின் பொன்னிறமும், பூஞ்சணம் பற்றாத காப்பும் அப்புகை தந்தவை. பால் கொடுத்து ஓய்ந்த தாய் மரம் எரிந்து மகவைக் காத்தது எனக் கவிஞர் பாடினால் மிகையாகாது.

கட்டிய தகடுகள் சுங்காய் நிலையத்தில் ஏறின. தொடக்கக் காலப் புகைவண்டிகள் விறகை எரித்தன. 1915 முதல் சிலாங்கூர் மாநிலத்துப் பத்து ஆராங் சுரங்கம் நிலக்கரி தந்தது. 1960இல் அது மூடப்படும் வரை மலாயாவின் தொழில்களுக்குப் பெருந்துணையாக விளங்கியது. துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவிற்குக் கப்பல் வேறு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரும் கப்பல்களுக்கு 1930இல் நிறைவெய்திய செண்டரோ அணை மின்சாரம் அனுப்பியபோது, அருகிருந்த பால்மரத் தோட்டங்களில் விறகும் தோளுமே ஆண்டன.

இரண்டாம் உலகப்போரில் 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றவே, அமெரிக்கர் செயற்கை ரப்பரைப் பேரளவில் ஆக்கினர். பிற்காலத்து ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டனர். ஒரு டன் இயற்கை ரப்பருக்குச் செலவாவது சுமார் 16 கிகாஜூல் ஆற்றல். செயற்கை ரப்பருக்கோ அதன் வகைக்கேற்ப ஏறத்தாழ 110 முதல் 170 கிகாஜூல் வரை. பெட்ரோலியத்திற்குச் செய்யும் செலவைப் பால்மரத்திற்குக் கதிரவன் இலவயமாகச் செய்துவிடுகிறான் என்பது அவர்தம் விளக்கம். விளக்கம் சரியே, நிறைவானது அன்று.

சுவீடனில் வகுத்த நெறிகளில் ஒன்று, தொழில்வளம் மிக்க நாடுகளைப் பொறுத்தவரை தொழிலாளர் உண்ணும் உணவின் ஆற்றலைக் கணக்கிற் சேர்க்க வேண்டியதில்லை என்பதாகும். தோட்டத்திற்கு இவ்விலக்கு பொருந்துமா? சேர்த்துத்தான் பார்ப்போம். ஒரு வெட்டுத் தொழிலாளி நாளொன்றுக்கு 3,000 கலோரி உணவு உண்டு, பத்துக் கிலோ உலர் ரப்பர் எடுத்ததாகக் கொண்டால், கிலோ ஒன்றுக்கு ஒன்றேகால் மெகாஜூல் வருகிறது. பதினாறுக்கு முன் ஒன்றேகால்! அக்கலோரியைத் தந்த அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. உண்டவரோ நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தார். கங்காணி முறையில் ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை அவ்வரவு நீடித்தது. லயத்தில் கழிந்த ஆயுளையும், இருட்டில் நெற்றி விளக்குடன் மரம் தேடிய பெண்களின் உறக்கத்தையும் எந்த ஜூலால் அளப்பது? விறகிற்கு மாற்றாக எண்ணெய் வந்தது. பட்டையை மரத்தின் உயிர்ப்படலத்தில் படாமல் சீவும் அக்கைகளுக்கு மாற்று இன்றும் பரவலாக வரவில்லை. கணக்கில் மிகச் சிறியதாகத் தோன்றுவதுதான் தொழிலில் இன்றியமையாததாக இருந்தது.

1965இல் மலேசியத் தரநிலை ரப்பர்த் திட்டம் அறிமுகமான பின், ரப்பரைத் துணுக்குகளாக்கி டீசல் எரித்த வெங்காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தும் முறை பரவியது. புகைக்கூடங்கள் மெல்ல ஓய்ந்தன. சுங்காய் வட்டாரத்திலும் பால்மரங்கள் இருந்த நிலத்திற் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிற்று. செம்பனை ஆலைகள் தம் நாரையும் ஓட்டையும் எரித்தே கொதிகலனை இயக்கிக் கொள்கின்றன. முன்பு விறகாகிய பால்மரம் இப்போது மேசையும் நாற்காலியுமாகிறது. பலகையாக அறுத்த அதனை உலர்த்துவதற்கும் நெருப்பு வேண்டும். மாணவன் கையிலுள்ள அழிப்பானோ இன்று பெரும்பாலும் பெட்ரோலியம் சார்ந்த நெகிழியால் ஆயது. அதனையும் அவன் ரப்பர் என்றே அழைக்கிறான்.