சைதாப்பேட்டைக்கு வந்த நீராவிக் கலப்பை

எங்கள் பட்டினப்பாக்கத்தில் கடலைத் தொடுகிற அடையாற்றின் கரையோடு மேற்கே போனால் சைதாப்பேட்டை. அங்கே ஒரு காலத்தில் 350 ஏக்கரில் அரசாங்கப் பண்ணை இருந்தது. 1860-களில் கவர்னர் டெனிசன் நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் சீமையிலிருந்து தருவித்துச் சோதனை போட்டார். 1868-ல் விவசாயப் பள்ளியும் வந்தது. இயந்திரங்கள் மட்டும் ஊருக்குள் பரவவில்லை. ஒரு ஜோடி மாடும் துண்டு நிலமும் வைத்திருந்தவனுக்கு நீராவிக் கலப்பை எதற்கு?

அந்தப் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூர் போய், 1971-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. என் தங்கை பேத்தி இப்போது அங்கே துல்லியப் பண்ணையம் படிக்கிறாள். ட்ரோன், சென்சார், செயற்கைக்கோள் படம் என்று அடுக்குகிறாள். பூர்வீகம் சைதாப்பேட்டை என்றால் சிரிக்கிறாள்!

எனக்குப் பிடித்தது 2004-ல் அந்தப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்கிய திட்டம். 400 ஹெக்டேர், அத்தனையும் விவசாயிகளின் சொந்த நிலம். சொட்டுநீரிலேயே உரம் கரைத்து விட்டார்கள். நிழல்வலைக்குள் குழித்தட்டில் நாற்று வளர்த்தார்கள். மானியம் கொடுத்தும் முதலில் தயங்கியவர்கள், பக்கத்து வயலில் தக்காளி விளைந்ததைப் பார்த்துத்தான் வந்தார்கள். பிறகு தாங்களே சங்கம் பதிவு செய்து, விலை பேசி விற்கவும் ஆரம்பித்தார்கள்.