மறதியும் ஏபிஓஈ மரபணுவும்

லேசான மறதி உள்ள முதியவர்கள் எல்லோருக்கும் அல்சைமர் நோய் வருவதில்லை. யாருக்கு வரக்கூடும் என்பதற்கான முக்கியமான மரபணுத் தடயம் 1993-இல் கிடைத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர், 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஈ மரபணுவின் ஈ4 வகைக்கும் முதுமையில் வரும் அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். இது கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான மரபணு. மூளையில் படியும் அமிலாய்டையே பலரும் ஆராய்ந்துவந்த காலம் அது; கொழுப்புப் புரதத்துக்கு இங்கே என்ன வேலை என்ற ஐயம் எழுந்தது இயல்புதான்.

1995-இல் மேயோ கிளினிக்கின் ரொனால்டு பீட்டர்சன் குழு, நினைவுக் குறைபாடு மட்டுமே உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் ஈ4 உடையவர்களே நோயை நோக்கி அதிகம் நகர்ந்தனர். 2005-இல் 769 பேரிடம் நடத்திய சோதனையில், டோனெபெசில் மருந்து முதல் ஆண்டில் நோயைத் தள்ளிப்போட்டது. மூன்றாண்டு முடிவில் அந்தப் பலன் ஈ4 உடையவர்களிடம் மட்டுமே தெரிந்தது.

ஈ4 இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. இல்லாமலே நோயுற்றவர்களும் உண்டு. ஆனாலும் அச்சம் பெரியது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தம் மரபணுத்தொகுதி முழுவதையும் வெளியிட இசைந்தார். ஏபிஓஈ பகுதியை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது.