சிற்றிலின் பாத்தியதை: நாச்சியார் திருமொழியும் பாலர் தர்க்கமும்

இளம் பாலர் நிகழ இயலாததையும் நிகழலாகாததையும் பிரித்தறியாது ஒன்றாகவே கருதுகின்றனர் என்றும், ஆகவே உடைமையைப் பற்றி அவர்கள் எழுப்பும் வழக்குகள் தர்க்கமாகா, ஆசையின் கூச்சலேயாம் என்றும் ஒரு கொள்கை உண்டு. அதன் முற்பகுதிக்குப் பரிசோதனைச் சான்று உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து பிற்பகுதி எங்ஙனம் பெறப்பட்டது என்பதே எனக்கு விளங்காதது.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி, தாங்கள் கட்டிய சிற்றிலை, அதாவது மணல் வீட்டை, சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் கண்ணனிடம் வைக்கும் விண்ணப்பமாகும். அனைத்தும் இறைவனது உடைமை என்னும் சித்தாந்தத்தை முன்வைத்துப் படிப்போர், இவ்விண்ணப்பத்தைச் செல்லமான சிணுங்கலாகக் கொண்டு அப்பால் செல்வர். ஆயின் பாசுரங்களின் யுக்தி அவ்வளவு எளிதில் கரைந்துவிடுவதன்று. உலகு முழுவதையும் தாவி அளந்துகொண்டவனென்று ஒன்பதாம் பாசுரம் அவனை விளிக்கிறது. அளந்துகொண்டவனுக்கு வீதி மணலும் உரியதே என்பது அவ்விளியிலேயே சம்மதிக்கப்பட்டுவிட்டது. கடலை அடைத்து இலங்கையை அழித்தவனென்று ஆறாம் பாசுரம் கூறுகையில், சிற்றிலை மிதிப்பது அவனால் இயலுமா என்ற கேள்விக்கும் இடமில்லாது போகிறது. இவ்வாறு மண்ணின் உடைமையையும் செயலின் சாத்தியத்தையும் முற்றாக விட்டுக்கொடுத்த பின்னரும் அச்சிறுமியர் கைவிடாத ஒன்று உண்டு: நாளெல்லாம் முதுகு நோவக் குனிந்திருந்து இழைத்தோம் என்னும் இரண்டாம் பாசுரத்தின் முறையீடு. வழக்கு முழுதும் அப்பிரயாசையின் மேலேயே நிற்கிறது.

இதற்கு எதிராக ஐந்தாம் பாசுரம் காட்டப்படும். நுண்மணலைத் தெள்ளி வீதியில் இட்ட கோலத்தை நீ அழித்தாலும் எங்கள் நெஞ்சு உன்பால் உருகுமேயன்றிச் சினங்கொள்ளாது என்று அவர்கள் அங்கே கூறுவதால், பாத்தியதையைத் துறந்துவிட்டனர் என்பது எதிர்தரப்பார் வாதம். சினம் இல்லாமை வேறு, உரிமை இல்லாமை வேறு. தனக்கு இழைக்கப்பட்டது தீங்கென்று அறியாதவனுக்குப் பொறுத்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? அன்றியும், அடுத்த பாசுரத்திலேயே விண்ணப்பம் மீண்டும் தொடங்குகிறது. துறந்த பொருளுக்காக ஒருவரும் மறுபடி மன்றாடுவதில்லை.

இது பாலரின் வாக்கன்று, கவியின் வாக்கே என்பது உண்மை. தங்களை இன்னும் முதிராத பிள்ளைகளென்று அவர்கள் கூறிக்கொள்வதும் கவி புனைந்ததே. எனவே இதை உளவியல் நிரூபணமாக நான் கொள்ளவில்லை. இத்தகைய வழக்கு பிள்ளைகள் வாயில் பொருந்துமென்று சற்றேறக்குறைய பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கவி கருதினார் என்பதளவே என் அனுமானம். தெருவில் கேளாத ஒன்றை அவர் அத்துணை இயல்பாக எழுதியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பாசுரச் சிறுமியரின் வயது பரிசோதனைப் பாலரின் வயதோடு ஒவ்வாது என்பது சிறு ஆக்ஷேபம், அதை விட்டுவிடலாம்.

பரிசோதனையிலும் இதே யுக்தியின் சாயல் உண்டு. 2010-ஆம் ஆண்டில் கான்கீசர், ஜெர்சோ, ஹூட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பிறருடைய களிமண்ணைக் கொண்டு புதிதாக ஓர் உருவம் செய்தவருக்கே அதனை உரியதாக்கும் போக்கு, பெரியவர்களைக் காட்டிலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் மிகுந்து காணப்பட்டது. இதனைப் பாலரின் மிகைக்கூற்றென்று சிலர் கொள்வர். ஆனால் இப்பொருள் யாருடையது என்று கேட்டால் ஏதேனும் ஒரு பெயரையல்லவா விடையாகச் சொல்ல வேண்டும்? மண் அவனுக்கு, உருவம் எனக்கு என்று பங்கிட்டுச் சொல்ல அக்கேள்வி எளிதில் இடம் தருவதில்லை. சிற்றில் சிறுமியர் கோருவதோ அத்தகைய பங்கையே. மணலை அவர்கள் கேட்கவில்லை. குலையாதிருக்கும் உரிமையை மட்டுமே கேட்கின்றனர்.

இது விசித்திரமான பங்கீடென்று மலேசியாவின் பண்டமாரானில் யாரும் சொல்லத் துணியார். மலாயா அவசரகாலத்தில் எழுந்த இதுபோன்ற புதுக்கிராமங்களில், நிலம் அரசாங்கத்துடையதாகவும், தற்காலிக உரிமத்தைக் கொண்டு அதன்மேல் கட்டிய பலகை வீடு குடியிருப்போருடையதாகவும் இருந்த ஏற்பாடு நெடுநாள் நிலவியதன்றோ? அவ்வேற்பாட்டைப் பிழையென்று கருதாத அறிஞர், அதன் குறுவடிவம் பிள்ளைகளிடம் தோன்றும்போது மட்டும் அறியாமையென்று பெயரிடுவது நியாயமாகாது.

மணல் யாருடையது என்பதையும், கட்டியதை மணலுக்குரியவன் கலைக்கலாமா என்பதையும், அவனால் கலைக்க இயலுமா என்பதையும் தனித்தனியே வினவும் பரிசோதனையே இனித் தேவை. பண்டமாரானின் பாலர் பள்ளி ஒன்றின் மணல் தொட்டி அதற்குப் போதும். கலைக்கலாகாது என்ற பிள்ளைகளே மணலும் எமதென்றும், எவராலும் கலைக்க இயலாதென்றும் கூறுவாராயின், என் வாதம் வீழ்ந்துவிடும்.