வெல்ல உறையும் சுரங்கத் தொழிலாளரும்: பிறபொருளெதிரி ஆய்வின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

விஞ்ஞானத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாகக் குறுக்கிய அதே நோக்கே இங்கும் தொழிற்படுகின்றது. நியூமோனியாவை விளைவிக்கும் நியூமோகொக்கஸ் என்னும் பற்றீரியாவை உடல் எவ்வாறு இனங்கண்டு எதிர்க்கின்றது என்ற அறிவு உருவான முறையை நோக்கின், ஆய்வுகூடத்திற்கு வெளியே நின்ற ஒரு வர்க்கத்தினரின் உடல்கள் அவ்வறிவின் உற்பத்தியிற் பெற்ற இடம் புலப்படும். அதனையே இங்கு நாம் கவனிக்க முனைகிறோம்.

இப்பற்றீரியாவை 1881 இல் பிரான்சிற் பாஸ்ற்றரும் அமெரிக்காவில் ஸ்ரேர்ன்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். அதனைச் சூழ்ந்து வழுவழுப்பான உறையொன்று உண்டு. நோய்க்கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் அவ்வுறையைப் பற்றிக்கொள்ள இயலாது தோற்றுப்போகின்றன. உரிய எதிர்ச்சீரத்தைச் சேர்த்ததும் உறை பருத்ததுபோல் தோன்றுவதை 1902 இல் ஜேர்மனியரான நொய்ஃபெல்ட் விவரித்தார். ஆயின் ஒரு வகைக் கிருமிக்கு எதிரான சீரம் இன்னொரு வகையை இனங்காணவில்லை. கிருமி ஒன்றாயினும் உறைகள் பல என்பது சிறிது சிறிதாகத் தெளிவாயிற்று.

இக்கட்டத்திலே தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் இவ்வரலாற்றினுட் புகுகின்றன. விற்வோட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களுக்குத் தொலைவிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் தொழிலாளர் நெருக்கமான அடைப்பு விடுதிகளிலே தங்கவைக்கப்பட்டனர். வந்து சேர்ந்த சில மாதங்களுள்ளேயே பலர் நியூமோனியாவால் மாண்டனர். தொழிலாளரின் மரணம் உழைப்புச் சக்தியின் இழப்பாக முதலாளிகளின் கணக்கேட்டில் ஏறியபோது, 1911 இல் அல்ம்றோத் றைற் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். கொல்லப்பட்ட முழுக் கிருமிகளைக் கொண்ட அவரது தடுப்பூசி பல்லாயிரம் தொழிலாளருக்கு ஏற்றப்பட்டது. உறை வகைகள் பல என்பதைக் கருத்திற் கொள்ளாத அம்முயற்சி ஐயத்திற்கிடமான பயனையே தந்தது. பின்னர் ஸ்பென்சர் லிஸ்ரர் அச்சுரங்கத் தொழிலாளரிடமிருந்து பெற்ற கிருமிகளை வகைப்படுத்தி, அவ்வகைகளுக்கேற்பத் தடுப்பூசி தயாரிக்க முயன்றார். பனாமாக் கால்வாய்ப் பணியிற் புகழ் பெற்ற மருத்துவர் கோர்கஸ், விடுதிகளின் நெரிசலைக் குறைக்குமாறு பரிந்துரைத்தமையும் இக்காலத்திலேயாம். ஊசி மலிவானது, வீடு செலவு மிக்கது. 22ஆம் தென் அகலக்கோட்டிற்கு வடக்கேயிருந்து ஆட்சேர்ப்பது 1913 இல் தடை செய்யப்பட்டதென்பதே மரணத்தின் அளவை உணர்த்தப் போதுமானது. அத்தடையும் 1930களில் தளர்த்தப்பட்டது.

உறை எப்பொருளாலானது? இவ்வினாவிற்கான விடை நியூயோர்க்கில், எண்ணெய் மூலதனத்தாற் பிறந்த ரொக்பெல்லர் நிறுவனத்திலே கிடைத்தது. கிருமி வளர்ந்த திரவத்திலும் நோயாளரின் குருதியிலும் சிறுநீரிலும் கரைந்து காணப்பட்ட ஒரு பொருள், உரிய சீரத்துடன் வீழ்படிவைத் தருவதை 1917 இல் டோசேயும் அவெரியும் காட்டினர். அது புரதமன்று, வெல்ல அலகுகள் தொடர்ந்து பிணைந்த பல்சக்கரைட்டு என 1923 இல் ஹைடல்பேர்கரும் அவெரியும் அறிவித்தனர். புரதமே நிர்ப்பீடன வேறுபாட்டிற்கு அடிப்படையாகலாம் என்று நம்பியிருந்த அக்கால அறிஞர் பலர் இதனை எளிதில் ஏற்கவில்லை. எஞ்சிய புரத மாசினையே காரணங் காட்டினர். மூன்றாம் வகை உறையில் நைதரசனே இல்லாமை அவ்வாதத்திற்குப் பெரும் இடையூறாயிற்று. குளூக்கோசும் குளூக்குரோனிக் அமிலமும் மாறி மாறி வரும் எளிய சங்கிலி அது.

இனங்காணல் என்ற சொல்லையும் சற்றே ஆராய்தல் தகும். பிறபொருளெதிரி எதனையும் அறிவதில்லை. அதன் மூலக்கூற்று முனையிலுள்ள பள்ளத்தில் வெல்லச் சங்கிலியின் ஒரு சிறு துண்டு பொருந்துகின்றது, அவ்வளவே. 1894 இல் எமில் ஃபிஷர் நொதியங்களுக்கெனக் கூறிய பூட்டும் திறப்பும் என்ற உவமை இங்கும் வந்து சேர்ந்தது. ஹைடல்பேர்கரின் மாணவரான கபாற், மனிதரில் டெக்ஸ்ரனுக்கு எதிராகத் தோன்றிய பிறபொருளெதிரிகளை ஆராய்ந்து, அப்பள்ளம் ஏறத்தாழ ஆறு குளூக்கோசு அலகுகளை ஏற்கும் அளவினது என மதிப்பிட்டார். தனியொரு பிணைப்பு வலுவற்றது. ஆயின் உறையில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதனால், பல முனைகள் ஒருங்கே பற்றுகையிற் பிடி உறுதியாகின்றது. பற்றிய பிறபொருளெதிரியின் மறுமுனையை விழுங்குகலம் பற்றிக்கொள்ள, வழுவழுப்பு இனிக் காப்பாகாது. அலகுகளின் இணைப்பில் நேரும் சிறு மாற்றமும் பொருத்தத்தைக் குலைக்கலாம். இன்று 100 க்கு மேற்பட்ட உறை வகைகள் அறியப்பட்டுள்ளமையின் விளைவினை இதனின்றும் உய்த்துணரலாம்.

தூய வெல்லத்தாலான தடுப்பூசி அமெரிக்க வான்படையினரிடையே பயனளித்தமை 1945 இல் வெளியாயிற்று. ஆயினும் பெனிசிலின் வரவால் அது கைவிடப்பட்டது. 1970களில் றொபேட் ஒஸ்ரியன் அதனை மீளச் சோதிக்க விழைந்தபோது தெரிந்துகொண்ட களம் எது? அதே தென்னாபிரிக்கச் சுரங்கங்கள். இனவொதுக்கல் ஆட்சியின் கீழ்ப் புதிதாக வந்த இளந்தொழிலாளரிடையே நோய் அப்போதும் மலிந்திருந்தது. ஆய்வாளனுக்கு அது வசதி. 1977 இல் அமெரிக்காவில் 14 வகை உறைகளைக் கொண்ட தடுப்பூசி அனுமதி பெற்றது. சுரங்க முதலாளியின் நலனே விஞ்ஞான உண்மையைத் தீர்மானித்தது என்று நாம் வாதிக்கவில்லை. அது கொச்சைப் பொருளாதாரவாதம். உறை வெல்லத்தாலானது என்பது எவ்வர்க்கத்திற்கும் உண்மையே. எவ்வினா முதலில் எழுப்பப்படும், எவருடலில் அது சோதிக்கப்படும், பயன் எவரை முதலிற் சென்றடையும் என்பனவே சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவன.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் உடல் தூய வெல்லத்திற்குப் போதிய எதிர்வினை காட்டுவதில்லை. வெல்லத்தைப் புரதத்துடன் பிணைத்தால் முயல்களில் வலுவான எதிர்ப்பு உண்டாகும் என்பதை அவெரியும் கோபலும் 1931 இலேயே காட்டியிருந்தனர். அக்கோட்பாட்டின்வழி வந்த நியூமோகொக்கஸ் தடுப்பூசி அமெரிக்காவில் 2000 இல் அனுமதி பெற்றது. அதன் 7 வகைகளும் வட அமெரிக்கக் குழந்தைகளிடையே மிகுந்தவை. வறிய நாடுகளிற் பெரிதும் காணப்பட்ட 1ஆம், 5ஆம் வகைகள் அதில் இடம்பெறவில்லை. மாறாக, வேறொரு கிருமியான ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகையின் உறை வெல்லத்தை ஆய்வுகூடத்திலே செயற்கையாகத் தொகுத்து, ஹவானாப் பல்கலைக்கழகத்தில் வெரெஸ் பென்கோமோவின் குழுவினர் கனடிய ஆய்வாளருடன் இணைந்து ஆக்கிய தடுப்பூசி 2004 இல் உலகறிய வெளியாயிற்று. 1ஆம், 5ஆம் வகைகளை உள்ளடக்கிய நியூமோகொக்கஸ் தடுப்பூசி 2009 இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது. தென்னாபிரிக்கா தன் குழந்தைகளுக்கு 7 வகைத் தடுப்பூசியை வழங்கத் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும். றைற் அங்கு வந்திறங்கி அப்போது 98 ஆண்டுகள் கழிந்திருந்தன.